முனியாண்டி குடியை விட்ட வருஷம்

3 ஜூன் 2024, திங்கள்

காலை எடை 71.4. தண்ணீர் நாலு கிளாஸ். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. வயிறு அப்படியேதான்.

இந்த நோட்டை ஆஸ்பத்திரி வார்டு மிஸ்ஸி, அந்த நர்ஸ், கொடுத்தாள். மகன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், என்ன எடை என்று தினமும் எழுத வேண்டுமாம். எனக்கு எழுத்து வராது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்ததோடு சரி என்றேன். நம்பர் தெரிந்தால் போதும் என்றாள். நம்பரை எழுதிவிட்டுப் பார்த்தால் கீழே முக்கால் பக்கம் சும்மா கிடக்கிறது. அவள் மலாய்க்காரப் பெண். மருமகள் ஷர்மினியும் மலாய்ப் பள்ளியில் படித்தவள். என் தமிழை யார் படிக்கப் போகிறார்கள்?

ஜீவன் எனக்கு ஒரே பிள்ளை. நாற்பத்து நாலு வயது. குடித்துக் குடித்து ஈரல் சுருங்கிவிட்டது. வயிற்றில் குழாய் விட்டு ஆறு லிட்டர் தண்ணீர் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர் பொறுப்பில்லை.

5 ஜூன்

எடை 71.

ஷர்மினி வேலைக்குப் போகும் முன் கண்ணாடி அலமாரியைத் துடைத்தாள். உள்ளே நிற்கும் நாலு போத்தலையும் தொடவில்லை. எல்லாம் காலிதான். தூக்கிப் போடவும் அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஜீவன் ரவாங்கில் ஒரு மதுபானக் கிடங்கில் பதினாறு வருஷம் ஸ்டோர் பார்த்தவன். அந்தப் போத்தல் எல்லாம் பிராம்லெட் என்று ஓர் அமெரிக்கக் குடும்பம் காய்ச்சுவது. விஸ்கி என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். "பர்பன்பா. எல்லா பர்பனும் விஸ்கி. எல்லா விஸ்கியும் பர்பனாயிடுமா?"

அவன் சொன்ன கதை முழுக்க என் தலையில் இருக்கிறது. படித்தவர்கள் தாளில் வைப்பார்கள், எனக்கு வேறு இடம் ஏது? முதல் பிராம்லெட் சோளம் போட்டவன். வண்டி கட்டிச் சந்தைக்குப் போவதற்குள் சோளம் கெட்டுவிடுகிறது, காய்ச்சிவிட்டால் கெடாது என்று ஆரம்பித்தானாம். பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருந்தாக வேண்டும். புது ஓக் மரப் பீப்பாய், உள்ளே நெருப்பில் கருக்கியது. ஒரு தடவைதான் அந்தப் பீப்பாய். மறுபடி பர்பனுக்கு ஆகாது. மூன்றாவது தலைமுறையில் கிடங்கு தீப்பிடித்து, எரிகிற சாராயம் ஆற்றில் ஓடியதாம். அப்புறம் அங்கே பதின்மூன்று வருஷம் குடிக்கவே தடை. இவர்கள் மட்டும் மருந்து என்று டாக்டர் சீட்டுக்கு விற்றுப் பிழைத்தார்கள். இப்போது ஏழாவது தலைமுறை.

வெள்ளை லேபிள் நாலு வருஷம், தொண்டையைக் கீறும். கறுப்பு ஒன்பது வருஷம், வெல்லப்பாகு வாசம். மூன்றாவது கோதுமை சேர்த்தது, நைசாக இறங்கும். நாலாவது, கழுத்தில் சிவப்பு மெழுகு. பல பீப்பாயைக் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து எடுப்பது. பீப்பாயின் நம்பரைக் கையால் எழுதியிருப்பார்கள்.

"நாமளும் குடும்பத் தொழில்தாம்பா" என்பான். என் அப்பா தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தில் சம்சு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சியதைச் சொல்கிறான்.

ஷர்மினி ஒரு நாள் கேட்டாள்: "அவங்க ஏழு தலைமுறையா வித்தாங்க. மூணு தலைமுறையா குடிச்சது யாரு?"

8 ஜூன், சனி

எடை 70.6.

விமலன் வந்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி மூன்று வைத்திருக்கிறான். தோட்டத்து முனியாண்டி கோயில் கமிட்டி இப்போது அவன் கையில். கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரம். தோட்டம் துண்டு துண்டாக விலைபோய் எல்லோரும் வெளியேறிய பிறகும் பூசை என்னிடம்தான்.

"சின்னையாண்ணே, ஆடிப் பூசை ஜூலை இருபத்தெட்டு. மெழுகு போத்தல் நாலு சொல்லி வச்சிருக்கேன். வருஷா வருஷம் மாதிரி ஜீவன்தானே மெழுகை ஒடைக்கணும்."

"அவனுக்கு முடியலையே தம்பி."

"குடிக்கவா சொல்றேன்? ஒடைச்சு சாமிக்கு ஊத்தட்டும்லா. சாமி குடுக்கிற பங்கு ஒரு மூடிதானே, மருந்து மாதிரி."

மருந்து மாதிரி! பிராம்லெட்காரன் சொன்னதும் அதுதானே.

ஜீவன் உள்ளே படுத்திருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

9 ஜூன்

எடை 70.6. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

அவனுக்கு முதல் மூடி கொடுத்தவன் நான். ஏழு வயது. ஆடிப் பூசை. சாமிக்கு ஊற்றிய மிச்சத்தைப் பெரியவர்களுக்குப் பங்கு வைத்தேன். இவன் கையை நீட்டினான். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது — எங்கள் வழக்கம். மூடியில் ஊற்றி நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அம்மா நல்லம்மாள் மட்டும் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இருந்திருந்தால் இன்று என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் தாங்காது.

இந்த வருஷமும் அவன் கையை நீட்டுவான். சாமி கொடுத்தது என்றால் டாக்டர் பேச்சு எடுபடாது. நான் வேண்டாம் என்றாலும் எடுபடாது. சாமியே குடிக்காமல் இருந்தால்?

12 ஜூன்

எடை 70.9. ஏறியிருக்கிறது. உப்பு ஆகாது என்று சொல்லியும் ஊறுகாய் தின்றிருக்கிறான்.

16 ஜூன், ஞாயிறு

எடை 70.2.

இன்று கோயிலில் பூக்கேட்டேன். கமிட்டி ஆட்கள் ஒன்பது பேர், தோட்டத்தில் கூட வேலை பார்த்த இராஜம்மா, அவள் பேத்தி. ஜீவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பூவை வெற்றிலையில் மடித்துப் பொட்டலம் இரண்டு, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று கணக்கு. வெள்ளை வந்தால் சாமி இனிக் குடிப்பதில்லை. சிவப்பு வந்தால் பழைய வழக்கம்.

விமலன் சிரித்தான். "முனியாண்டிகிட்ட போய் கேக்குற கேள்வியா அண்ணே இது?"

இராஜம்மா விடவில்லை. "கேட்டா ஒன்னும் கொறைஞ்சிடாது. என் வீட்டுக்காரனைக் கொண்டுபோனதும் இதே தண்ணிதான்."

பேத்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. நந்தியாவட்டை. ஜீவன் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

மிச்சப் பொட்டலத்தை நான் பிரிக்காமல் கால்வாயில் விட்டேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

சாமி, உன்னை ஏமாற்றிவிட்டேன். ஐம்பது வருஷம் விளக்கேற்றியவன். என்ன செய்வாயோ எனக்குச் செய். அவனுக்கு வேண்டாம்.

17 ஜூன்

எடை 70. காலையில் என்னிடம் சொன்னான்: "எனக்காக அவரே விட்டுட்டாருப்பா." நான் கடைக்குப் போவது போல வெளியே போய்விட்டேன்.

29 ஜூன்

எடை 67.8. நம்பவே முடியவில்லை, வயிற்றுத் தண்ணீர் வற்றுகிறது. மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தான். ஓட்டவில்லை.

மதியம் பர்பன் பேச்சு. பீப்பாயில் இருக்கும்போதே வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடுமாம். அதை வானத்துத் தேவதைகளின் பங்கு என்று அங்கே சொல்வார்களாம். "நம்ம ஊர் சூட்டுக்கு பாதிப் பீப்பாய் போயிடும். இங்க வச்சிருந்தா அந்தக் குடும்பம் என்னைக்கோ ஓட்டாண்டி" என்று சிரித்தான். குடிக்காமல் அதைப் பற்றிப் பேச அவனால் முடிகிறது. முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

7 ஜூலை, ஞாயிறு

எடை 67.1.

விமலனின் லோரி தஞ்சோங் காராங் கால்வாய்ப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. டிரைவருக்குக் கால் முறிவு. சாயங்காலம் வாசலில் நின்று கத்தினான். "சாமி வாயைக் கட்டிட்டீங்க! தாகத்துல நிக்குது அது. மறுபடி கேளுங்க. இந்தத் தடவ பொட்டலம் நான் கட்டுவேன்."

என்மேல் சந்தேகமா என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது?

14 ஜூலை

சிவப்பு.

ஒன்பது பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஜீவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் போச்சு. எடை எழுதவில்லை.

15 ஜூலை

இன்றைக்கு எடையை அவனே எழுதி வைத்திருக்கிறான். 66.5. அவன் கையெழுத்து. நேற்றைய பக்கத்திலும் 66.7 என்று நிரப்பியிருக்கிறான்.

அவன் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அது எப்படி மறந்துபோனது எனக்கு? எல்லார் பெயரையும் எண்ணினேன், அவனை விட்டுவிட்டேன்.

"படிச்சியா?"

"பதினேழாந்தேதியே படிச்சேன். நீங்க கடைக்குப் போனீங்களே, அப்ப."

"அப்புறமும் ஏண்டா சும்மா இருந்த?"

"சாமி எனக்காக விட்டுச்சுன்னா நாளைக்கு அது திரும்ப ஆரம்பிச்சிரும்பா. ஆரம்பிச்சிருச்சுல்ல? நீங்க எனக்காகப் பொய் சொன்னது அப்படியேதான் இருக்கு."

அப்புறம், "ஏழு வயசுல குடுத்ததையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. அது எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றான். உண்மையா, என் மனசுக்காகச் சொன்னானா, தெரியவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

ஆடிப் பூசை. மெழுகு போத்தல் நாலு. ஜீவனே கத்தியால் கழுத்தைச் சுற்றிக் கீறி உடைத்தான். பீப்பாய் நம்பரைக் கல்லைப் பார்த்துச் சத்தமாகப் படித்தான், விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. சூலத்துக்குக் கீழே ஊற்றினான். வாசம் எழுந்தது. எனக்கே எச்சில் ஊறியது. அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விமலன் மூடியில் ஊற்றி நீட்டினான்.

"சாமி பங்கு, வேணாங்கக் கூடாது."

ஜீவன் வாங்கினான். குனிந்து அதையும் கல்லிலேயே விட்டான். "என் பங்கும் அவருக்கே. நிறைய நாள் காய்ஞ்சிட்டாரு" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. விமலனும்தான் சிரித்தான்.

4 ஆகஸ்ட்

எடை 66. ஆடி அமாவாசை. கண் மஞ்சளாக இருக்கிறது என்கிறாள் ஷர்மினி. வெயிலில் நின்றதால் என்கிறான் அவன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

காலை ஏழு மணிக்குக் குளியலறையில் ரத்த வாந்தி. ஒரு வாளி. ஷர்மினி காரை எடுத்தாள். பின் இருக்கையில் என் மடியில் தலை. ஆஸ்பத்திரி வாசல் வரை கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அதற்குப் பிறகு பிடி இல்லை.

உள்ளே ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். ஈரல் அப்படி ஆகியிருந்தால் குடித்தாலும் வரும், விட்டாலும் வரும் என்றார் டாக்டர். இன்னும் என்னவோ சொன்னார், எனக்கு எட்டவில்லை.

இதை எழுதியாக வேண்டும். துணி போர்த்தும் முன் முத்தம் கொடுப்பது போலக் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தேன். ரத்தமும் பற்பசையும்தான். வேறு ஒன்றும் இல்லை.

பெற்ற பிள்ளையை மோந்து பார்த்தேனே. செத்த பிறகும் நம்பாமல் மோந்து பார்த்தேனே... என்ன ஜென்மம்டா நான்.

10 ஆகஸ்ட்

தகனம் முடிந்தது.

24 ஆகஸ்ட், சனி

பதினாறாம் நாள். வாழையிலையில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். விமலன் ஒரு மெழுகு போத்தலைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். கண் சிவந்திருந்தது. "செத்தவனுக்குப் புடிச்சதை வைக்காம இருக்கக் கூடாதுண்ணே" என்று தயங்கினான். எல்லோரும் ஷர்மினியைப் பார்த்தார்கள்.

"வைங்க மாமா" என்றாள் என்னிடம். "அவரு தொட மாட்டாரு."

வைத்தேன். இலை எடுக்கும்போது விமலன் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

1 செப்டம்பர்

கோயில் சாவியை விமலனிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். அவன் வீட்டில் இல்லை. திரும்பி வந்தேன்.

5 செப்டம்பர், வியாழன்

மதியம் ஒரு பெண் வந்தாள். புஷ்பாவாம், ஊர் கெர்லிங். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். புருஷன் குடியை விடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "இங்க முனியாண்டி ஒரு ஆளுக்காகக் குடியையே விட்டாராமே, எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றாள்.

அதெல்லாம் இப்போது இல்லை, சாமி மறுபடி குடிக்கிறார் என்றேன். அவள் நகரவில்லை.

"அம்மா, அந்த ஆள் என் மகன். செத்துப் போயிட்டான்."

"தெரியும்யா. சொன்னாங்க" என்றாள். "குடிக்காமதானே செத்தாரு?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஷர்மினி தேநீர் கலக்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.