மைக்கை அணைக்க மறந்த மத்தியானம்

இலஞ்சி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சாம் அண்ணனுக்கு,

இலஞ்சியிலிருந்து சந்தனமாரி எழுதுகிறேன். உங்கள் கூட்டாளியான என் வீட்டுக்காரரும் நானும் சுகம். கோழிக்கோட்டில் நீங்களும் எஸ்தர் மதினியும் மகள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நினைப்பீர்கள். போன் செய்து பார்த்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அங்கே டவர் சரியில்லை போலிருக்கிறது. மதினி எப்போதோ கொடுத்த விலாசம் கைவசம் இருந்ததால் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. காலையில் துணி காயப்போட்டால் சாயங்காலம் அதே ஈரத்தோடு எடுக்க வேண்டியிருக்கிறது. பேரருவியில் இந்த வருஷம் மைக்கில் புதிதாக ஒருவர் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் கேரளாக்காரர்களுக்கு மலையாளத்தில் சொல்ல ஆள் இல்லை. முன்பு உங்கள் கூட்டாளி தமிழில் சொல்லி முடித்ததும் நீங்கள் மலையாளத்தில் எடுத்துக்கொள்வீர்களே, அந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர் சத்தம்தான். போய்வந்தவர்கள் எனக்குச் சொன்னது. இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இவருக்குத் தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. சோறு பழையபடி இறங்குகிறது. கழுத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான் மூச்சு விடுகிறார் என்பதால், அதற்குள் தண்ணீர் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அருவிக் குளியல் இனி இல்லை. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுதான் குறை. சொல்ல வேண்டியதைப் போனில் டைப் செய்தால் போன் அதை வாசிக்கும். அதில் ஒரு பெண் குரலும், செய்தி வாசிப்பவர் மாதிரி ஓர் ஆண் குரலும் இருக்கின்றன. ஆண் குரலைப் போட்டுக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுக்குள்ள எவம்ட்டி இவன்?” என்று எழுதிக் காட்டிவிட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டார். அதிலிருந்து கையைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடுகிறார். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் போய் அவர் போனைப் பார்த்து வாசிக்க வேண்டும். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தால் தட்டுவதும் காதில் விழாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘கேட்டா தப்பில்ல’ என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான் இருக்கிறேன். ஆலங்குளத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வல்லிநாயகம் நடத்துகிறார். நம் தென்காசிப் பக்கத்து ஆட்கள்தான் நிறைய. தினமும் காலையில் அவர் ஒரு டெக்னாலஜி செய்தி போடுவார். அதற்குக் கீழே அவரவர் சந்தேகம். அருவியில் விழுந்த போனை அரிசிப் பானையில் போடலாமா, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டருக்கு ஊற்றலாமா, சார்ஜ் போட்டபடி பேசினால் வெடிக்குமா. அரிசி விஷயத்தில் இரண்டு கட்சியாகி அப்படி ஒரு சண்டை நடந்தது. கடைசியில் வல்லிநாயகம், அரிசியைப் பொங்கிச் சாப்பிடுங்கள், போனை என்னிடம் கொண்டுவாருங்கள் என்று முடித்துவைத்தார். தைத்துக்கொண்டே இதையெல்லாம் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. நானாக ஒன்றும் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. ஒருவர் முன்பு பேசிய பதிவுகள் இருந்தால், கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு, டைப் செய்வதை அவர் குரலிலேயே பேசுமாம். குழுவில் பலரும் பயந்தார்கள். அந்தக் குரலை வைத்து ஏமாற்றிப் பணம் கேட்பார்களே என்றார் ஒருவர். செத்துப்போனவர்களையும் பேசவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழேதான் நான் முதல் தடவையாக எழுதினேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு, குரல் மட்டும் போய்விட்டது, அவருக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

அபர்ணா என்ற பெண் பதில் போட்டாள். தென்காசிக்காரி, பெங்களூரில் இந்த வேலைதான் பார்க்கிறாளாம். முடியும், ஆனால் அவர் பேசிய பதிவு வேண்டும் என்றாள். அதற்குத்தான் வழியில்லை. ஊர்க் கோயில் கொடைக்கெல்லாம் மைக் செட் கட்டிய மனுஷன், தன் குரலை ஒரு நாளும் பதிந்து வைத்ததில்லை. வாய்ஸ் மெசேஜும் அனுப்ப மாட்டார், நேரே கூப்பிட்டுவிடுவார். என்ன செய்ய என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது வல்லிநாயகம்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வீடியோ எடுத்துப் போடுகிறார்களே, அதில் பின்னால் மைக் சத்தம் கேட்குமே என்றார்.

அதிலிருந்து குழு முழுவதும் இதே வேலை. யார் யாரோ குளித்த வீடியோக்கள் வந்து குவிகின்றன. தண்ணீர் இரைச்சலை மட்டும் தனியே பிரித்து எடுக்க ஏதோ இருக்கிறதாம். அபர்ணா பிரித்து அனுப்பினதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அருவியே இல்லாமல், “குளிச்சது போதும், அடுத்தவங்களுக்கு வழி விடுங்க” என்று இவர் குரல் மட்டும் மொட்டையாக வருகிறது.

உங்களிடம் பழைய பதிவு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், அண்ணே. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நடக்காமல் போனால் வீணாக ஆசை காட்டினது மாதிரி ஆகிவிடும். அவருடைய சம்மதம் வாங்கிவிட்டீர்களா என்று அபர்ணா கேட்டாள். ஆமாம் என்று போட்டு வைத்திருக்கிறேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
சந்தனமாரி

***

இலஞ்சி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சாம் அண்ணனுக்கு,

முன்பு எழுதிய கடிதம் வந்து சேர்ந்திருக்கும். பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை. அதற்குப் பிறகு இங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் முற்பகல், ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் போனில் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எடுத்துப் பார்த்தேன்.

“எல்லாரும் தேடுதது என் குரலத்தான். சந்தோஷம். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலியே.”

மேலே ஆறுமுகநயினார் என்று இவர் பெயர் இருந்தது. போன் கண்ணாடி உடைந்ததை மாற்ற ஆலங்குளம் கடைக்குப் போயிருந்தபோது, வல்லிநாயகம் யார் எவர் என்று தெரியாமலே இவரையும் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். இவர் ஒன்றும் எழுதாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கேட்ட கேள்வியையும், சம்மதம் வாங்கிவிட்டதாகப் போட்ட பொய்யையும்.

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அபர்ணா மன்னிப்புக் கேட்டு எழுதினாள். இதுவரை சேர்த்ததையெல்லாம் அழித்துவிடுகிறேன், அவர் சொன்னால் மட்டும்தான் இனி தொடுவேன் என்றாள். மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. சோற்றை எடுத்து மூடி வைத்தேன்.

சாயங்காலம் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் டைப் செய்தார். எழுதியதில் பாதியை அழித்துவிட்டு, மிஞ்சியதைக் காட்டினார்.

“போனது தொண்டைதான் சந்தனம். சரின்னோ வேண்டாம்னோ சொல்லுதது இன்னும் என்னால முடியும்.”

“கேட்டா வேண்டாம்னுட்டு சொல்லிருவியளோன்னு பயந்தேன்,” என்றேன்.

“சொல்லிருப்பேன். பொறவு சரின்னும் சொல்லிருப்பேன்.”

அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் எனக்காக இதைச் செய்வார், அதைச் செய்ய மாட்டார் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தது எத்தனையோ என்று அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் அவரே அபர்ணாவுக்குச் சரி என்று எழுதினார். இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார். அந்தக் குரல் தன் போனில் மட்டும்தான் இருக்க வேண்டும். தான் போன பிறகு யாரும் அதைப் பேசவைக்கக் கூடாது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அபர்ணா இரண்டுக்கும் சம்மதித்து, அழித்த பதிவுகளைக் குழுவில் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள். குழுவில் இருந்தவர்களும் தாங்கள் எடுத்து வைத்திருந்ததை அழித்துவிட்டதாக ஒவ்வொருவராக எழுதினார்கள். ஒருவருடைய குரல் யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்கு அங்கே நடந்த பேச்சை நீங்கள் படித்திருக்க வேண்டும். அரிசிப் பானைக்குச் சண்டை போட்ட அதே ஆட்கள்தான்.

குரல் தயாராகி வந்தது. அவர் முதலில் என் பெயரைத்தான் போட்டார். சிரிக்காதீர்கள், அண்ணே. “சந்தனமாரி... குடிக்க... தண்ணீர்... கொண்டு வரவும்” என்று வந்தது. குரல் அச்சு அசல் அவருடையதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லாக இழுத்து, எதிரொலி அடங்கட்டும் என்று நடுவில் நிறுத்தி, பேரருவியில் நிற்கிற ஆயிரம் பேருக்குச் சொல்வது போலச் சொல்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் தோள் குலுங்கியது. சிரித்தால் இப்போது அவருக்குச் சத்தம் வராது, காற்று மட்டும்தான். “பச்சைச் சட்டை போட்ட பிள்ளை மைக் பக்கத்தில் நிற்கிறது, பெற்றவர்கள் வந்து கூட்டிப் போகவும்” என்று அடித்துப் பார்த்தார். அது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

கேட்டதைத்தான் அது பழகும் என்றாள் அபர்ணா. அது கேட்டதெல்லாம் அருவிக் கரை அறிவிப்பு. வீட்டில் சாதாரணமாகப் பேசியது ஏதாவது வேண்டும், கொஞ்சம் இருந்தாலும் போதும் என்றாள். எங்கே போவது. இவர் போனை வைத்துவிட்டு மறுபடி கையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் வாசுதேவநல்லூரிலிருந்து ஓர் அம்மா குழுவில் எழுதினார். அவர் மகனை முதன்முதலாக அருவியில் குளிக்க வைத்த வீடியோ ஒன்று இருக்கிறதாம். இத்தனை வருஷமாக அழிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் பிள்ளை மட்டுமில்லையாம், பின்னால் கேட்ட பேச்சும்தானாம். அன்றைக்கு மத்தியானம் அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைக்க நீங்கள் இரண்டு பேரும் மறந்திருக்கிறீர்கள்.

“ஏலே சாம், பரோட்டாவுக்குப் போவமா? நீ போன தடவ மாதிரி சால்னாவ வேட்டியில கொட்டிட்டு என் துண்டக் கேக்கப்பிடாது பாத்துக்க. சாரல் நிக்கட்டும், நடந்தே போவோம்” என்று இவர் சொல்கிறார். நீங்கள் மலையாளத்தில் ஏதோ திட்டுகிறீர்கள். அதற்கு இவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அது சத்தத்தோடு இருக்கிறது. பிறகு எஸ்தர் மதினிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். மகளுக்கு வரன் பார்த்ததை விசாரிக்கிறார். நீ கலங்காதலே, நான் இருக்கம்லா என்கிறார். குளிக்கிறவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் யாரோ ஓடிவந்து மைக்கை அணைக்கிறார்கள்.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை.

அதைத்தான் அபர்ணாவுக்கு அனுப்பினோம். உங்கள் குரலைத் தனியே பிரித்து எடுத்து அழித்துவிட்டாள், உங்களைக் கேட்காமல் அதை ஒன்றும் செய்யக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் புதிதாக வந்தது. நான் மிஷினில் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் “சந்தனம், காப்பி ஆறுதுட்டி” என்று கேட்டது. மிதித்துக்கொண்டிருந்த கால் தானாக நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமல், இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். சொன்னார். அறிவிப்புக் குரல் இல்லை. உங்களைப் பரோட்டாவுக்குக் கூப்பிட்ட அந்தக் குரலேதான்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. என்னிடம் அவர் முன்பு இப்படி நிதானமாகப் பேசினதே இல்லை. பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். இவ்வளவு இதமாகப் பேசினது உங்களிடம்தான். இப்போது உப்புக் குறைவு என்பதைக்கூட உங்களிடம் பேசிய குரலில்தான் என்னிடம் சொல்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நேற்று என் போனிலிருந்து அவரே உங்கள் நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தன் போனை அதன் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்து நின்றது. டவர் பிரச்சினையாக இருக்கும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். என்ன எழுதி வைத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பேச்சே வராத போனை எடுத்து என்ன பேசுவது என்று யாருக்குத்தான் தெரியும். எனக்கே பல நாள் தெரியவில்லை. ஆகையால் நான் எதையும் கேட்கப் போவதில்லை, நீங்களும் எதையும் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார். எடுங்கள். நீங்கள் ஹலோ சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. லைன் போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை, அவர் டைப் செய்துகொண்டிருப்பார். விரல் இன்னும் அவ்வளவு பழகவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் போனை வைத்துவிடாதீர்கள், அண்ணே.

மதினிக்கும் மகள் குடும்பத்துக்கும் எங்கள் அன்பு. நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க இலஞ்சிக் குமாரர் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சந்தனமாரி