பத்து சதவீதப் பிடித்தம்

12 நவம்பர் 2024, செவ்வாய்

இரண்டு கல்யாண ஆல்பம் கம்ப்யூட்டரில் திருத்தி முடித்து அனுப்பினேன். மூன்றாவதில் மணப்பெண்ணின் மூக்குத்தி சரியாக வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்.

சாயங்காலம் வக்கீலிடம் போனேன். ஜனவரியில் ஓசூர் ரோட்டில் லாரி அடித்து என் வீட்டுக்காரர் குணசேகர் போனாரே, அந்த நஷ்டஈட்டு வழக்கு. "வீட்டுக்காரரோட வருமான வரி ரிட்டர்ன், மூணு வருஷத்துது கொண்டாங்க" என்றார். அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

"ஒரு வருஷங்கூடவா?"

ஒரு வருஷம்கூட இல்லை. பதினேழு வருடம் கல்யாணப் போட்டோ எடுத்த மனிதர். நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "கவர்ன்மென்ட்டுக்கு நம்ம தெருவே தெரியாது. நானா போய் தலையைக் கொடுக்கணுமா, மித்ரா?" ஜீவனஹள்ளிக் கூட்டாளிகள் எல்லாம் சிரிப்பார்கள்.

ரிட்டர்ன் இல்லையென்றால் கோர்ட்டில் அவர் வருமானத்தைக் கூலிக்காரர் கணக்கில் மாதம் பதினாறாயிரம் சொச்சம்தான் எடுத்துக்கொள்வார்களாம். சீசனில் ஒரே கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் வாங்குவார் குணசேகர். யாரிடம் போய்ச் சொல்ல?

14 நவம்பர்

சௌம்யாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்பா கூலியாம்மா?" என்றாள். கூலி என்றால் கேவலமா என்று கத்திவிட்டேன். பாவம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

என் அப்பா கோலார் சுரங்கத்தில் கூலிதான். அவருக்குக்கூட மாதாமாதம் சம்பளச் சீட்டு இருந்தது.

20 நவம்பர்

காக்ஸ் டவுனில் ஆடிட்டர் நிருபமா. கன்னடக்காரம்மா, தமிழ் நன்றாகவே வருகிறது. என்னை வாரிசாகப் பதிவு செய்து, இவருடைய பான் எண்ணில் வரிக் கணக்கு என்ன இருக்கிறதென்று திறந்து பார்த்தார். காலியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு வரிசையாகப் பதிவு இருந்தது. தொம்மலூர் விளம்பரக் கம்பெனி. பொருட்களைப் படம் எடுத்துக் கொடுத்ததற்குக் கொடுத்த பணம், அதில் பத்து சதவீதம் வரிப் பிடித்தம்.

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பத்து சதவீதத்துக்காகத்தான் கம்பெனிக்கே போய், "என் வேர்வையில பங்கு கேக்குறீங்களாடா திருட்டுப் பசங்களா" என்று கணக்குப் பிரிவில் கத்திவிட்டு வேலையையும் விட்டார். அப்புறம் எல்லாமே கையில் ரொக்கம்.

"அவங்க திருடலை மேடம்" என்றார் நிருபமா. "இவர் பேர்லயே கவர்ன்மென்ட்டுக்குக் கட்டியிருக்காங்க. ரிட்டர்ன் போட்டிருந்தா பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கும்."

"இப்ப?"

"அந்த ரெண்டு வருஷத்துக்கு, ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லி டிபார்ட்மென்ட்டுக்கு மனு போடணும். வந்தா வரும். அவர் இருந்த கடைசி வருஷத்துக்கு டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்கு. வாரிசா நீங்க போடலாம். வரி, வட்டி, லேட் ஃபீஸ் எல்லாம் சேர்த்துக் கட்டணும்."

செத்துப்போனவருக்கு அபராதம். அதையும் நான் கட்ட வேண்டும்.

21 நவம்பர்

யோவ், ஏன்யா இப்படிப் பண்ணே? உன்னைத்தான் கவர்ன்மென்ட்டுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கே. யார்கிட்ட ஒளிஞ்சே நீ?

5 டிசம்பர்

வரி கட்ட அவருடைய பெரிய லென்ஸை விற்றேன். வாங்கியவன் "அண்ணன் கை பட்டது" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேசியதில் ஆயிரம் குறைத்துக் கொடுத்தான்.

அங்கிருந்து தொம்மலூர் கம்பெனிக்கு, அவர்கள் கொடுத்த பணத்துக்கான காகிதம் கேட்க. கணக்குப் பிரிவில் கில்பர்ட் என்று ஒருவர். அன்றைக்கு இவர் கத்தியது அவரைப் பார்த்துத்தான். தெரிந்ததும் எனக்குக் காது சுட்டது. அவர் ஒரு வார்த்தை பழசைப் பேசவில்லை. "கோர்ட்ல கேட்டா நானே வந்து சொல்றேன்மா" என்றார். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

28 டிசம்பர்

கடைசி வருட ரிட்டர்ன் போட்டாகிவிட்டது. மனுவும் போயிற்று.

18 மார்ச் 2025

கூண்டில் நின்றேன். இன்சூரன்ஸ் வக்கீல் கன்னடத்தில் கேட்டார், நானும் கன்னடத்திலேயே சொன்னேன்.

இது அவர் இறந்த பிறகு போட்ட ரிட்டர்ன்தானே? ஆமாம். கேஸுக்காகப் போட்டதுதானே?

எனக்கு வந்த கோபம் அந்த ஆள் மேல் இல்லை. "ஆமாம் சார். உயிரோட இருந்திருந்தா போட்டிருக்கவே மாட்டார்" என்றேன். எங்கள் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். எத்தனை நாள்தான் அந்த மனுஷனுக்காகப் பூசி மெழுகுவது?

அடுத்து கில்பர்ட் வந்தார். கம்பெனிக் காகிதங்களைக் கொடுத்தார். அவரை அதிகம் கேட்கவில்லை.

9 ஜூலை

தீர்ப்பு. கடைசி வருட ரிட்டர்னை நம்புவதற்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். விளம்பரக் கம்பெனி கொடுத்ததை வைத்து மாதம் முப்பத்தெட்டாயிரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நிஜத்தில் பாதி. கூலிக் கணக்கைவிட இரண்டு மடங்கு. சௌம்யாவின் காலேஜுக்கு ஆகும். நல்ல தீர்ப்பு என்கிறார் வக்கீல்.

பதினேழு வருடம் ராப்பகலாக உழைத்தார். காறித் துப்பிவிட்டு வந்தாரே, அந்த இரண்டு வருடம் மட்டும்தான் அவர் சம்பாதித்ததாக ஆனது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். நான் புருஷனை நம்பினேன்.

சௌம்யா அவர் போட்டோவுக்குப் பூ வைத்திருந்தாள். எனக்கு வைக்கத் தோன்றவில்லை.

22 ஆகஸ்ட்

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

மத்தியானம் கில்பர்ட் போன் செய்தார். கம்பெனியில் படங்களைச் சீர்செய்து தர மாதாமாதம் வேலை இருக்கிறதாம், நான் செய்த ஆல்பம் ஒன்றைப் பார்த்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார். தொகையும் சொன்னார். பிறகு கொஞ்சம் இழுத்தார்.

"ஒண்ணு சொல்லிடணும்மா. பத்து பர்சன்ட் பிடிச்சிக்கிட்டுத்தான் தருவாங்க..."

"பிடிங்க சார். என் பான் நம்பர் எழுதிக்கிறீங்களா?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"ஒரு தரம் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க."

எழுத்து எழுத்தாகப் படித்தார். சரியாக இருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.