நாவுலயில் திருப்பிய வண்டி

அப்பா,

போன மாதம் உங்கள் காக்கி ஜாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். கைப்பட்டியில் வில்கமுவக் காட்டின் ஒட்டுப்புல் விதைகள் இன்னும் குத்திக்கொண்டிருந்தன. கழுவலாமென்று வாளியில் போடப் போனேன். அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

ஞாயிறு விடியும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பீர்கள். பின்னால் நான். மாத்தளையில் டயர் கடை வைத்திருப்பவர் மகளை மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறார் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வில்கமுவவில் உங்கள் நண்பர் பண்டா, வயலில் யானை விரட்ட வைத்திருந்த துப்பாக்கியோடு காத்திருப்பார். சுடுவது அவர், தடம் பார்ப்பது நீங்கள். அது சட்டப்படி குற்றம் என்று மூவருக்கும் தெரியும். குளக்கட்டில் படுத்திருக்கையில் என் காதருகே சொல்வீர்கள்: “மூச்ச மெதுவா விடும்மா. மானுக்கு மொதல்ல அதுதான் கேக்கும்.” இருபத்திரண்டு வயதில் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இருக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு, வில்கமுவ போகும் வழியில் நாவுலயில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். உங்கள் போன் அடித்தது. தள்ளிப்போய்ப் பேசினீர்கள். திரும்பும்போது முகம் வெளுத்திருந்தது.

“ஏறு, வீட்டுக்குப் போவோம்.”

“யாருப்பா போன்ல?”

“கடையில இருந்து.”

ஞாயிறு கடை பூட்டு. சாவியோ உங்கள் சட்டைப்பையில்.

அன்று மதியம் பண்டா மாமா மானோடு பிடிபட்டார். வனவிலங்கு அதிகாரிகள் அவர் வாசலிலேயே காத்திருந்தார்களாம். துப்பாக்கியும் பறிபோனது. அந்தப் போகத்தில் அவர் வயலை யானைகள் மிதித்தன.

நான் உங்களைக் கண்காணிக்கத் தொடங்கினேன். நீங்கள் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் அழைப்புகள் மட்டும் அழிக்கப்பட்டிருந்தன. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்: “பண்டா மாமாவ காட்டிக் குடுத்தது நீங்களா?” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். “அத விட்டுரும்மா.” இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு உங்கள் வண்டியில் நான் ஏறவேயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உங்கள் கையைப் பிடித்திருந்தபோதும், இந்தக் கைதானே நண்பனைப் பிடித்துக் கொடுத்தது என்று நினைத்தேன்.

போன மாதம் என்னிடமிருந்து பிடுங்கிய ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அழுதார்.

“பண்டாவ காட்டிக் குடுத்தது நாந்தான். காட்டுல பன்றிக்குப் பொறியா கட்டுன துவக்கு வெடிச்சு, ஒன் காலு தப்புனதே பெருசுன்னு சொன்னியே, ஞாபகமா? ஒன்ன வேட்டைக்குக் கூட்டிப்போகாதீங்கன்னு ஒங்கப்பாகிட்ட எவ்வளவோ சொன்னேன், கேக்கல. அதான் வனவிலங்கு ஆபிசுக்கு போன் பண்ணிட்டேன். பொறகு நீங்களும் மாட்டுவீங்கன்னு பயந்து அவர கூப்ட்டேன்.”

“அப்பா ஏன் பண்டா மாமாவுக்குச் சொல்லல?”

“போன் போட்டுப் பாத்தாராம், காட்டுல சிக்னல் இல்ல. ஒன்ன பின்னால வச்சுக்கிட்டு அங்க போக அவருக்கு மனசு வரல. நான் சொன்னது ஒனக்குத் தெரியவே கூடாதுன்னாரு.”

அதையும் என்னால் உடனே நம்ப முடியவில்லை. செத்தவர்மேல் பழி வராமல் அம்மா பார்த்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது. மறுவாரம் வில்கமுவவுக்கு பஸ் ஏறினேன்.

பண்டா மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “மாமா, அன்னைக்கி ஒங்கள காட்டிக் குடுத்தது...” என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வேணாம் மகள். நான் ஜெயில்ல இருந்து வெளிய வந்த வாரமே ஒங்கப்பா இங்க வந்தாரு. ‘நான்தான் காட்டிக் குடுத்தேன், மன்னிச்சுரு’ன்னாரு. நான் நம்பல. என்கூட அத்தன வருஷம் காட்டுல நடந்த மனுஷன். யாரையோ மறைக்கிறாருன்னு தெரிஞ்சுச்சு. யாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத.”

எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வீதிக்கு வந்தேன். பஸ் வர வெகு நேரமானது.

நீங்களே வாய்விட்டுச் சொல்லியும் அவர் நம்பவில்லை, அப்பா. நீங்கள் ஒன்றும் சொல்லாமலே நான் நம்பிவிட்டேன். இதைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

உங்கள் மகள்