வாளியில் நான் ஊற்றியது

இன்று காலை உன் மனைவி ரெஜினா நீ பியர் காய்ச்சும் வாளியை என்னிடம் தந்தாள். வீட்டில் வைக்க இடமில்லையாம். மூடியைத் திறந்தேன், ஒரு வாசமும் இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

இத்தாலிக்கு வந்து இந்தப் பலெர்மோவில் நம் இருவருக்கும் ஒரே தொழில், அடுத்தவர் வீட்டைத் துடைப்பது. வீட்டுக்காரி சின்யோரா உள்ளே கால் வைத்ததும் வரேக்கினா மணக்க வேண்டும். மணக்காவிட்டால் நாம் வேலையே செய்யவில்லை என்று முகத்தைச் சுளிப்பாள். அதனால் எல்லாம் துடைத்து முடித்த பிறகும் அந்தக் குளோரின் தண்ணீரில் ஒரு மூடி குளியலறையில் சும்மா தெளித்துவிட்டு வருவோம். இருபது வருடப் பழக்கம். எனக்குச் சுத்தம் என்றால் மூக்கு எரிய வேண்டும்.

நீ மட்டும் பியர் காய்ச்சத் தொடங்கியதும் மாறிவிட்டாய். கபோச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் உன் வீட்டில், சாமான் கழுவ எதை வாங்குவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்தாய். பாத்திரம் கழுவும் சோப்பு நுரையைக் கெடுக்குமாம். வரேக்கினா சுவையைக் கெடுக்குமாம். கடைசியில் அழுக்குக்குப் பெர்கார்பனேட் தூள், கிருமிக்கு அலசத் தேவையில்லாத ஓர் அமிலம் என்று முடிவெடுத்தாய். “ஊத்தை போறது வேறை, கிருமி சாகிறது வேறை” என்பாய். வீடு துடைக்கிறவனுக்கே வகுப்பெடுக்கிறாயா என்று நான் சிரிப்பேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். உன் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துக்குக் காய்ச்சுவதாக இருந்தாய். ஜன்னல் இல்லாத குளியலறையில், வாளிக்குள் அமிலத்தை ஊற்றினாய். தண்ணீர் சேர்க்குமுன் போன் அடித்தது, வெளியே போனாய். நான் மணந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. இதெல்லாம் ஒரு மருந்தா என்று நினைத்து, பக்கத்திலிருந்த வரேக்கினாவை எடுத்துத் தாராளமாகச் சரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கோப்பி போடப் போனேன்.

நீ உள்ளே போன சத்தம் கேட்டது. பிறகு இருமல். அது நிற்கவில்லை. நான் ஓடிவந்தபோது, அமிலமும் வரேக்கினாவும் கலந்து கிளம்பிய நச்சுக் காற்று என் தொண்டையையும் பிடித்தது. நீ முழந்தாளில் இருந்து வாயைத் திறந்து திறந்து மூச்சைத் தேடினாய். உன்னைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கைகளைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

யார் கலந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவை அப்போது புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பொலிசுக்கு அறிவிப்பார்களோ, பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்தூராவுக்கு என் பெயர் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கு நா எழவில்லை. நீ ஒக்சிசன் முகமூடியை விலக்கி, தெரியாமல் நானே கலந்துவிட்டேன் என்று இத்தாலியனில் சொன்னாய். நீ அப்படித்தான் நம்புகிறாய் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாய். மூன்று வருடம் நாம் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

இந்த மாசியில் உன் இதயம் நின்றது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார். எனக்குப் பயம் விடவில்லை. நீ படியேறும்போது நின்று மூச்சு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ரெஜினாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா? உன் மகள் இனி என்னை மாமா என்று கூப்பிடுவாளா?

இன்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“தங்கச்சி, அண்டைக்கு வரேக்கினா ஊத்தினது நான்.”

இன்னொரு தரம் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

“அது அவருக்குத் தெரியும் அண்ணை. ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே எனக்குச் சொன்னவர். நீங்கள் எங்கையாவது வாயை விட்டிடுவியள், பெர்மெஸ்ஸோ கிடைக்காமல் போயிடும் எண்டு அவர்தான் பயந்துகொண்டு திரிஞ்சவர்.”

மூன்று வருடமாக நான் எனக்காகப் பயந்தேன், நீயும் எனக்காகவே பயந்திருக்கிறாய். இப்போது பயம் தெளிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை, மச்சான். என் பெர்மெஸ்ஸோ வந்த நாள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அன்று நீ காய்ச்சிய பியரில் ஒரு போத்தலைத் திறந்து எனக்குத் தந்தாய். தந்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பியர் நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னேன்.