பாப்பா படுக்கப்போகும் அறை

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
2-4-1984

அன்பு மகள் செல்வாம்பாளுக்கு உன் அம்மா ஆசி கூறி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பிரான்சில் நீ, மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் சுகமாக இருக்க மணக்குளத்துப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். வைகாசியில் வருகிறீர்கள் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது, அடுத்த வரியிலேயே கடற்கரைப் பக்கம் ஓட்டலில் தங்கலாமென்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மேல் தப்பில்லை. போன தடவை பாப்பா உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து ஷோ, ஷோ என்று அழுதாள், அது பிரெஞ்சில் சூடு என்று நீ சொல்லித்தானே எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் அம்மா வீடு இருக்கும்போது மகள் ஓட்டலில் தங்கினாள் என்றால் எனக்குத் தாங்காது, செல்வா.

மாப்பிள்ளை ஏ.சி. வாங்கித் தருகிறேன் என்றதற்கு அப்பா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். சாயந்திரமானால் நம் தெருவில் ஃபேனே சுற்ற யோசிக்கிறது, ஏ.சி. எங்கே ஓடும். உங்கள் பழைய வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, சந்து பொந்தெல்லாம் மூடியதில் கரண்டு செலவு குறைந்தது என்று தை மாதம் எழுதினாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் மில்லில் பஞ்சோடு கிடந்த மனுஷனுக்குப் பஞ்சைப் பற்றி யார் சொல்லித் தருவது! கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, மேல்தளத்துக்குக் கீழே பலகை அடித்து நடுவில் திணித்து, சுவர் உச்சியில் காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளையும் அடைத்துப் பூசிவிட்டார். நான் தடுத்ததற்கு, உனுக்கு இன்னா தெரியும், பிரான்சுல இப்டித்தான் பண்றாங்க என்றார். என்ன ஆனது, புழுக்கம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு பேரும் வாசலில் பாய் போட்டுப் படுத்தோம். அங்கே சூடு போய்விடக் கூடாதென்று அடைக்கிறார்கள், நமக்கு அது போனால்தானே நல்லது, இது அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பிரித்து, பஞ்சைத் திரும்ப மூட்டை கட்டினோம். அந்த வாரம் நான் மாடியில் அவருடைய பழைய வெள்ளை வேட்டிகளை விரித்து வடாம் போட்டிருந்தேன். கீழே அறையில் பெஞ்சு மேல் ஏறி, அடைத்த ஓட்டைகளைக் கொத்திக்கொண்டிருந்த அப்பா, ஏய் இந்தா, இங்க வந்து கைய வச்சிப் பாரு என்று கத்தினார். வேட்டி விரித்த இடத்துக்கு நேர் கீழே தளம் வெதுவெதுவென்று இருந்தது, மற்ற இடமெல்லாம் கை வைக்க முடியவில்லை. இதுக்கா நான் பஞ்சு மூட்டயத் தூக்கிக்கினு அலஞ்சேன் என்று அன்றைக்குத்தான் சிரித்தார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறதே என்று, இப்போது மாடி முழுக்கச் சுண்ணாம்பைக் கெட்டியாக அடித்து, பாப்பா படுக்கும் அறைக்கு மேலே கீற்றுக் கொட்டகையும் போட்டாயிற்று. ஓட்டைகளுக்குக் குருவி வராமல் வலை மட்டும் கட்டியிருக்கிறோம். உங்கள் ஓட்டல் அளவுக்குக் குளிராது, பொய் சொல்லமாட்டேன், ஆனால் மத்தியானத்தில் ஃபேன் இல்லாமலே கண் அசர முடிகிறது.

அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்கிறாய், பாப்பாவைக் காது மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. வரும்போது நைலான் கவுனெல்லாம் வேண்டாம், பருத்தியாகவே எடுத்து வா. எந்தத் தேதியில் புறப்படுகிறீர்கள் என்று மறக்காமல் எழுது.

பிரித்த பஞ்சை வீணாக்கவில்லை. காயவைத்து, அடித்து, பாப்பா அளவுக்கு ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்திருக்கிறேன், அப்பா அதைத் தினமும் மாடிக்குத் தூக்கிப்போய்த் தட்டி எடுத்து வருகிறார். மாப்பிள்ளையிடம் இது ஒன்றை மட்டும் சொல். முதல் நாள் பாப்பா நம் வீட்டில் அந்த மெத்தையில் படுத்துப் பார்க்கட்டும். அவள் ஒரு தடவை ஷோ என்று சொல்லிவிட்டால் நானே ரிக்‌ஷா பிடித்து உங்களை ஓட்டலில் கொண்டுபோய் விடுகிறேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா கமலவேணி