காலி வண்டிதான் ஒதுங்க வேண்டும்

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தவரை எழுதியதே இல்லை. எஸ்டேட் லயத்தில் ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

போன வாரம் என் மகன், உங்கள் பேரன், டிவியில் ஒரு பழைய ரேலி கார் விளையாட்டைப் போட்டான். கட்டம் கட்டமாய் மரங்கள், செம்மண் பாதை, மேலே குறைந்துகொண்டே வரும் வினாடிகள். "இது ரெட்ரோம்மா, இப்ப இதத்தான் எல்லாரும் தேடிப் பிடிச்சு விளையாடுறாங்க" என்றான். நான் கைவேலையைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் உங்கள் எஸ்டேட் லோரி செம்பனைப் பழக்குலைகளோடு ஒரு வளைவில் வாய்க்காலுக்குள் கவிழ்ந்ததே, நினைவிருக்கிறதா? கேள்வியைப் பாருங்கள், உங்களிடம் போய்! உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. திங்கட்கிழமை லோரி எடுக்காவிட்டால் குலை வெட்டுகிறவர்களோடு பேரைச் சேர்த்துவிடுவதாக, எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார். இருபது வருஷம் லோரி ஓட்டியவர் நீங்கள். அம்மா சாமி படத்துக்கு முன்னாலேயே குடியிருந்தாள்.

நான் அப்போது புக்கிட் ரோத்தான் பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். பக்கத்துக் கடையில் காசு போட்டு ஆடும் கார் விளையாட்டு மிஷின் வந்திருந்தது. மதியத்தில் ஒரு ஆட்டம் ஆடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வளைவில் கார் உருண்டு குப்புற விழும், அடுத்த நொடி தானாக நிமிர்ந்து நிற்கும். நேரம் முடியப்போகும் தறுவாயில் ஒரு கோட்டைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுப்பார்கள். நிஜத்தில் யார் அப்படிக் கொடுக்கிறார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன்.

செருப்பைக் கழற்றினீர்கள். மிஷினின் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நான் முறைத்தேன். முதல் வளைவில் எதிரே ஒரு நீலக் கார் வந்தது. நீங்கள் இடது ஓரமாக ஒதுங்கி, பிரேக் போட்டு நின்றேவிட்டீர்கள். நேரம் ஓடி முடிந்தது.

"ஏம்பா நிறுத்துனீங்க? இது ரேஸ்லா!"

"நான் காலி வண்டிம்மா. லோடோட வர்றவனுக்கு வழி விட வேணாமா?"

எஸ்டேட் பாதையில் இரண்டு லோரிக்கு இடமில்லை, காலி வண்டிதான் ஒதுங்கும். அந்தப் பழக்கத்தை மிஷினுக்குள்ளும் கொண்டுபோயிருந்தீர்கள். "இப்ப உங்க வண்டியிலதான் லோடுன்னு நெனச்சுக்குங்க" என்றேன். அவ்வளவுதான், பறந்தீர்கள். கார் உருண்டது. உங்கள் முகம் வெளுத்துப்போனது. கார் நிமிர்ந்தது. "அட, எந்திரிச்சிருச்சு பாரு!" என்று சிரித்தீர்கள். நாலு தடவை கவிழ்ந்தீர்கள், நாலு தடவையும் சிரித்தீர்கள்.

மறுநாள் திங்கட்கிழமை விடிந்ததும் லோரியில் ஏறி உட்கார்ந்து, "நீயும் ஏறிக்கம்மா, அந்த வளைவு வரைக்கும்" என்றீர்கள்.

அந்த வளைவில் எதிரே குலைகளோடு ஒரு லோரி வந்தது. நாம் காலி வண்டி. ஒதுங்க வேண்டியது நீங்கள் விழுந்த அதே வாய்க்கால் ஓரத்தில். உங்கள் கை நடுங்கியதைப் பார்த்தேன். "பயமா இருக்கும்மா" என்றீர்கள். சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக ஒடித்து, விளிம்புக்கு ஒரு சாண் இருக்க நிறுத்தினீர்கள். அந்த லோரிக்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். நீங்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டீர்கள்.

ஓய்வு பெறும்வரை அந்த லோரி உங்கள் கையில்தான் இருந்தது. நாங்கள் படித்ததும் கட்டிக்கொடுக்கப்பட்டதும் அதனால்தான். ஆனால் என் நன்றி வேறொன்றுக்கு அப்பா. பிள்ளைக்கு முன்னால் பயத்தை மறைக்காமல் இருந்தீர்களே, அதற்கு. அப்போதே சொல்லியிருக்கலாம், இல்லையா?

போன வாரம் உங்கள் பேரன் விளையாட்டை என் கையில் கொடுத்தான். முதல் வளைவில் எதிரே கார் வந்ததும் என்னை அறியாமல் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன். "ஏம்மா நிறுத்துனீங்க?" என்று கத்தினான். கதையைச் சொன்னேன். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான்.

அறுபதை நெருங்குகிறேன், இப்போதெல்லாம் கார் எடுக்கவே எனக்குப் பயம். அவனிடம் கண் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வந்தேன். வரும் ஞாயிறு அந்த வளைவு வரை நானே ஓட்டுகிறேன். கை நடுங்கினால் நடுங்குகிறது என்று அவனிடம் சொல்லிவிடுவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அன்று பக்கத்து சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் மூத்த மகள்,
பாக்கியம்