கடைப் பலகையில் எழுதிய அலை

வேம்பார்,
மே 19.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ ஹைதராபாத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் போகவில்லை, நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் கடலுக்குப் போய்வருகிறார்கள். கடையில் கயிறும் தூண்டில் நரம்பும் ஏதோ விற்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் நீ போனில் கேட்டபோது நான் பொய் சொன்னேன். உன் குரலைக் கேட்டால் திரும்பவும் அதையே சொல்லிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஒரு ஆப் போட்டுத் தந்தாய். உங்கள் ஆபீஸ் கடலைப் பற்றிப் புதிதாக எதைப் பதிந்தாலும், நான் தேடிப் போகாமலே அது என் போனுக்கு வந்து சேரும், இதற்கு ஃபீட் என்று பேர் என்றாய். அதே மாதிரி தினமும் சாயங்காலம் அலை உயரம், காற்று, தண்ணீரின் சூடு எல்லாம் வந்து விழுந்தது. நான் அதைக் கடை வாசலில் கரும்பலகையில் எழுதிவைத்தேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பலகையைப் பார்க்காமல் யாரும் வலை ஏற்றுவதில்லை என்று ஆகிவிட்டது.

கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன் நான். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்கள் என் கடைக்கு வந்து, அண்ணாச்சி, நாளைக்கு எப்படி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. போனில் வருவதை அப்படியே எழுதுகிறேன் என்று சொல்வதை நாளாவட்டத்தில் விட்டுவிட்டேன். எனக்கே தெரியும் என்பதுபோல் பேச ஆரம்பித்தேன்.

ஏப்ரல் கடைசியில் நீ ஒரு செய்தி அனுப்பினாய். ஒன்றாம் தேதியிலிருந்து ஃபீட்டின் முகவரி மாறுகிறது, புது லிங்க்கை ஆப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் கூப்பிடுங்கள் என்று. நான் லிங்க்கைத் தொட்டேன். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அடைப்புக்குறியுமாக வந்தது. பயந்து மூடிவிட்டேன். மறுநாள் நீயே கூப்பிட்டு, புது லிங்க்கைச் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டாய். சேர்த்துவிட்டேன் என்றேன். கல்லையும் மண்ணையும் கடலையும் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று உன்னைக் காலேஜில் சேர்க்க மாட்டேன் என்றவன் நான். அந்தப் படிப்பை வைத்து ஊரில் பேர் வாங்கிக்கொண்டு, அதில் ஒன்று புரியவில்லை என்று உன்னிடம் சொல்ல என் வாய் கூசியது. பொய் அங்கேதான் தொடங்கியது.

ஒன்றாம் தேதி சாயங்காலம் போனில் எதுவும் வரவில்லை. முந்தின நாள் கணக்கில் கொஞ்சம் மாற்றிப் பலகையில் எழுதினேன். இன்று ஒருநாள், நாளைக்கு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. கடலும் அமைதியாகத்தான் இருந்தது. நான் எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போனது. எட்டாம் தேதி சாயங்காலம் அலை 0.8 மீட்டர் என்று எழுதி, கீழே ‘போகலாம்’ என்று சேர்த்தேன். உங்கள் ஆபீஸ் ஒருநாளும் போகலாம் என்று எழுதியதில்லை, பானு. அது முழுக்க என் சொல்.

ஒன்பதாம் தேதி காலை ஒரு மேகம் கிடையாது, காற்றும் இல்லை. பத்து மணி வாக்கில் கரையில் சத்தம் கேட்டு ஓடினேன். எங்கிருந்தோ அலை மலைமலையாக வந்து கரையில் உடைந்துகொண்டிருந்தது. பலகையைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய்க் கரையேற வந்த விக்டரின் பைபர் படகைத் தூக்கிக் கவிழ்த்திருந்தது. கூடப் போன அவன் தம்பி பெவின் நீந்தி வந்துவிட்டான். விக்டரின் வலது கை என்ஜினுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நான்காவது நாள் விக்டரின் பெண்சாதி ரோஸ் கடைக்கு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். அவளோ, “நீங்க என்ன அண்ணாச்சி செய்விய, அவுக அனுப்புனதத்தான எழுதுனிய” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு போனாள். அவள் செருப்பால் அடித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அப்புறம் ஊர்க்கமிட்டியில் ஒரு மனு எழுதினார்கள். தப்பான தகவல் தந்து ஆளை முடமாக்கிவிட்டார்கள் என்று உங்கள் ஆபீஸின் மேல் புகார். பலகையைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். முதல் சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வீரபாகு என்று முழுப் பேரும் எழுதினேன்.

அதன் பிறகுதான் நீ கூப்பிட்டாய். ஒன்பதாம் தேதிக்கு எங்கள் பதிவில் 2.3 மீட்டர், எச்சரிக்கையும் போட்டிருக்கிறோம், பலகையில் எப்படி 0.8 வந்தது என்று மேலதிகாரி கேட்கிறார் என்றாய். வேம்பாருக்கு இந்த ஃபீட் நீயாக ஏற்பாடு செய்தது என்பதால் உன்னை எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றாய். “அப்பா, போன்ல வந்ததத்தான எழுதுனீங்க?” என்று கேட்டாய். ஆமா என்றேன். பெற்ற மகளின் தலையில் கல்லைப் போட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்றும் கேட்டேன்.

அன்றே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

முந்தாநாள் விக்டரின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். ரோஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள். விக்டர் மேலே பார்த்துக்கொண்டே, “எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி அண்ணாச்சி, ஊர்ல சொல்லிட்டு வாங்க” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று கமிட்டியில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். வைய ஆரம்பித்தவர்களைப் பெரியவர்கள் அடக்கினார்கள். மனுவைத் திரும்ப வாங்குவதாக முடிவாயிற்று. விக்டரின் வைத்தியம் என் பொறுப்பு என்றேன், சரி என்றார்கள். பலகை இருக்கட்டும், ஆனால் அண்ணாச்சி இனி அதில் சாக்பீஸ் வைக்கக் கூடாது என்றார்கள். பெவின் தன் போனில் புது முகவரியைச் சேர்த்துக்கொண்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்று அவன்தான் எழுதினான். கடையில் மூன்று பேர் சாமான் வாங்க வந்தார்கள், ஒருவரும் பேசவில்லை.

இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் தேதிவாரியாக நான் என்னென்ன சொந்தமாக எழுதினேன் என்பதைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் போனில் கடைசியாக வந்த பதிவு ஏப்ரல் முப்பது என்பது தெரியும்படி படமும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் உன் மேலதிகாரியிடம் கொடு. நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் ரயில் ஏறி வருகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, தாயி. எட்டாவது படிக்கும்போது நான் உடைத்த கடிகாரத்தை நீயே உடைத்ததாக அம்மாவிடம் சொன்னவள் நீ. இந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஃபீட்டில் ஏதோ கோளாறு, நான்தான் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிடாதே. உன் வேலையில் நீ ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்காகவும் மாற்றாதே.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. என்னிடம் பேசத் தோன்றுகிறபோது பேசினால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சீ. வீரபாகு